அரை மதிப்பெண்

காலாண்டுத் தேர்வு. ஏழாம் வகுப்பு. அறிவியல்.
கேள்வி எண் பதினான்கு:
புதுப்பிக்கத்தக்க வளம், புதுப்பிக்க இயலாத வளம்
எடுத்துக்காட்டுடன் வேறுபடுத்துக. ஐந்து மதிப்பெண்.

நாற்பத்து மூன்று தாள்கள்.
கருப்பூரில் ஏறி ஜங்ஷனில் இறங்குவதற்குள்
பத்தொன்பதைத் திருத்திவிட்டேன்.
வேகத்தடை வந்த இடத்தில் எல்லாம்
சிவப்பு மை கொஞ்சம் துள்ளியிருக்கிறது.

பெரும்பாலோர் நான் சொன்னதையே
எனக்குத் திருப்பிச் சொல்லியிருந்தார்கள்.
சூரியன், காற்று, நீர் இந்தப் பக்கம்.
நிலக்கரி, பெட்ரோல், தாது அந்தப் பக்கம்.
நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு.
எழுத்து எப்படிப் போனாலும்
கோடு மட்டும் எல்லாத் தாளிலும் நேர்.

இருபதாவது தாள் மாதேஷுடையது. வீட்டில் பிரித்தேன்.
நீரை அந்தப் பக்கம் தள்ளிவிட்டிருந்தான்.
கேள்வியில் காரணம் கேட்கவில்லை.
அவனே எழுதியிருந்தான்:
"எங்க தெருவுல பைப் தண்ணி
பதினோரு நாளைக்கு ஒருக்கா.
போன மாசம் பதினாலு."
தப்பு என்று சுழித்தேன்.
சுழித்த பிறகு எழுந்துபோய்
எங்கள் டிரம்மை மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன்.
முழங்கால் உயரம் வரைக்கும் வெற்றுச் சத்தம்.

சஃப்ரீன் வெள்ளைக்கல்லை
இந்தப் பக்கம் வைத்திருந்தாள், காற்றுக்குக் கீழே.
"அத்தா சட்டை நீலம்.
காலையில நீலமா போகுது
சாயங்காலம் வெள்ளையா வருது.
அம்மா அலச அலச
கல்லு வந்துட்டேதான் இருக்கு மிஸ்."

ஆகஸ்டில் அவர்களைச் சுரங்க வேலி வரை கூட்டிப்போனேன்.
பாடப்புத்தகத்தில் இருப்பது
கடல் நடுவே ஓர் எண்ணெய்க் கிணறு.
எங்கள் வகுப்பு ஜன்னலில் இருப்பது பள்ளம்.
காவலாளி உள்ளே விடவில்லை.
கம்பி வழியாகப் பார்த்தோம்:
படிப்படியாக இறங்கும் வெள்ளை,
அடியில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர்,
அதில் வாலைத் தொட்டுத் தொட்டு எடுக்கும் ஒரு தும்பி.
எதிரே ஏற்காட்டு மலையில் மேகம் இறங்கியிருந்தது.
எங்கள் பக்கம் ஒரு சொட்டு இல்லை.

"எடுத்த கல்லெல்லாம் எங்க மிஸ்?" என்றான் தீர்த்தகிரி.
இரும்பு உருக்கும் உலைக்குள் செங்கலாக, என்றேன்.
சூடு தாங்கும்.
"தேஞ்சா?"
வேறு செங்கல் வைப்பார்கள்.
"அப்ப உலை புதுப்பிக்கத்தக்கதா?"
வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.
அதற்குள் பள்ளத்துச் சங்கு ஊதிவிட்டது.
வெடிக்கு முன்னால் எல்லோரும் விலக வேண்டும்.
இன்று வரை அவனுக்கு நான்
பதில் சொல்லவில்லை. அவனும்
பதினான்காம் கேள்வியைத் தொடவில்லை.
எண்ணை மட்டும் எழுதி
இரண்டு விரல் இடம் விட்டிருக்கிறான்.

கோகிலவாணிக்கு ஐந்துக்கு ஐந்து.
கடைசியில் பென்சிலால் ஒரு வரி:
"மிஸ், பேப்பரும் மரம்தான்.
பின்பக்கம் எழுதாமல் விட்டிருக்கிறேன்.
வீட்டுக் கணக்குப் போட எடுத்துக்கொள்ளவும்."

விடைக்குறிப்பில் நீர் இந்தப் பக்கம்தான்.
விடைக்குறிப்பு எழுதியவர் தெருவில்
தினமும் வருகிறதோ என்னவோ.
மாதேஷுக்கு நாலரை போட்டேன்.
பதிவேட்டில் அரைக்குக் கட்டம் கிடையாது,
ஏற்றியோ இறக்கியோ போடுங்க டீச்சர்
என்பார் தலைமையாசிரியர்.
சஃப்ரீனுக்கும் நாலரை.
அவள் கல்லுக்குப் பக்கத்தில் எழுதினேன்:
"அத்தாவை முகமூடி போடச் சொல்."
அறிவியல் தாளில் எழுதக்கூடியதா, தெரியவில்லை.

இரண்டரை மணிக்குக் குழாயில் முதலில் காற்று.
பிறகு இருமல். பிறகு
செம்மண் நிறத்தில் ஒரு வாய்.
தாள்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.
டிரம், குடங்கள், குக்கர், பால் தூக்கு,
தம்பி பையனின் பிளாஸ்டிக் கிரிக்கெட் ஹெல்மெட் வரை.

ஈரக் கையோடு திரும்பி உட்கார்ந்தபோது
தீர்த்தகிரியின் தாளில்
அந்த இரண்டு விரல் இடத்தில்
என் கட்டைவிரல் பதிந்துவிட்டது.

இன்னும் பதினாறு தாள் இருக்கிறது.